யாருடைய நம்பர் இது? நீலகிரியில் நின்று டிஜிட்டல் மானிடவியலைப் பார்த்தால்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் வழியில் ஒரு கடை இருக்கிறது. போர்டில் இ-சேவை, ஆதார் பிரிண்ட், லேமினேஷன், ரீசார்ஜ், டிக்கெட் புக்கிங் என்று வரிசையாக எழுதியிருந்தாலும் ஊருக்கு அது ஜெராக்ஸ் கடைதான். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நீள நோட்டு ஒன்று கிடக்கும், மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த மாதிரி. அதில் வாடிக்கையாளர்களின் போன் நம்பர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைக்காரர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருப்பார். "அரவேணு பாட்டி. பேரன் நம்பர். ஆறு மணிக்கு மேல்." "கீழ் ஹட்டி அக்கா. வீட்டுக்காரர் நம்பர். ஓடிபி கேட்டால் திட்டுவார், அக்காவையே கேட்கச் சொல்லவும்." "கரிக்கையூர்த் தாத்தா. டீக்கடை நம்பர். டவர் இருந்தால்." ஊர்ப் பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன், காரணம் பின்னால் வரும்.

முதியோர் உதவித்தொகையோ சாதிச் சான்றிதழோ எதற்கு மனுப் போட்டாலும் திரையில் ஒரு கட்டம் வரும்: 'உங்கள் கைபேசி எண்'. அந்த விண்ணப்பத்தை வடிவமைத்தவருக்கு இதைவிட எளிமையான கேள்வி இருக்க முடியாது. இந்தக் கடையில் எல்லாரும் திணறுகிற கேள்வியும் அதுவேதான். 'உங்கள்' என்ற சொல்லில்தான் சிக்கல். சிம் மகன் பெயரில் இருக்கும், போன் மருமகள் கையில் இருக்கும், ரீசார்ஜ் திருப்பூரில் வேலை பார்க்கும் பேத்தி போடுவாள். பாட்டிக்கு அந்தப் பத்து எண்களும் மனப்பாடம். ஆனால் ஒரு நாளும் அந்தப் போனைத் தனியாகக் கையில் வைத்திருந்ததில்லை. கடைக்காரரின் நோட்டு இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக அவரே உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு.

போனும் இணையமும் மக்கள் வாழ்க்கையில் எப்படிக் கலந்திருக்கின்றன என்று ஆராயும் டிஜிட்டல் மானிடவியல் என்ற முதுகலைப் படிப்பில் என்னதான் படிக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், இந்த நோட்டைத்தான் என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகையில்லை.

மானிடவியல் என்றதும் நம்மில் பலருக்கு மண்டையோட்டை அளக்கிறவர்களும் காட்டுக்குள் போய்ப் பழங்குடி மக்களைப் படமெடுக்கிறவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். மலையில் இருக்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரமே வரும், ஏனென்றால் அவர்கள் எல்லாரும் இங்கே வந்துபோனவர்கள். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் இங்குள்ள பழங்குடிகளையும் கல்திட்டைகளையும் பற்றி எழுதியது புகைப்படங்களோடு 1873-இல் வெளியானது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த தர்ஸ்டன், அளவுக் கருவிகளோடு மலையேறி மூக்கின் நீளம் அகலம் எல்லாம் குறித்துக்கொண்டு போனார். தமிழ்நாட்டில் குறிப்பாகப் பாதிப்புக்குள்ளாகும் பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்ட ஆறு சமூகங்களும் (தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்) இந்த ஒரே மாவட்டத்தில் வாழ்கிறார்கள். ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் கோத்தகிரி பக்கம் சிலர் சிரிப்பதற்கும் சிலர் கதவைச் சாத்துவதற்கும் நூற்றைம்பது வருஷக் காரணம் இருக்கிறது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் மட்டும் நம் நோட்டுக்கு நேராகத் தொடர்புடையவர். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். மருத்துவர், உளவியலாளர். 1898-இல் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன கேம்பிரிட்ஜ் குழுவில் இருந்தவர். அதன்பின் 1901-1902 வாக்கில் தோடர் மந்துகளுக்கு, அதாவது அவர்களுடைய சிற்றூர்களுக்கு, வந்தார். சில மாதங்கள்தான் இருந்தார். மொழி தெரியாது, மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேசினார். இந்தக் குறைகளைப் பின்னால் வந்தவர்கள் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். ஆனால் அவர் செய்த ஒரு காரியம் நிலைத்தது. ஒவ்வொரு குடும்பமாக உட்கார்ந்து, உன் அப்பா யார், அம்மா யார், அண்ணன் தம்பி யார், யாரை யார் கட்டினார் என்று கேட்டுக் கேட்டு வம்சவழிப் படம் வரைந்தார். 1906-இல் வெளியான அவருடைய தோடர் நூலின் முதுகெலும்பே அதுதான்.

அந்தக் கேள்வியிலும் ஒரு 'உங்கள்' சிக்கல் இருந்தது. அன்றைய தோடர் வழக்கத்தில் அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணந்திருப்பார்கள். அப்படியானால் பிள்ளைக்கு அப்பா யார்? கர்ப்பகாலத்தில் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு ஒன்று உண்டு. யார் வில் கொடுத்தாரோ அவரே அப்பா. இன்னொருவர் அந்தச் சடங்கைச் செய்கிற வரைக்கும் அடுத்துப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அவரே அப்பா. ரத்தம் யாருடையது என்பது அங்கே கேள்வியே இல்லை. ஐரோப்பியப் பதிவேட்டின் 'தகப்பன் பெயர்' என்ற கட்டத்துக்குள் இது அடங்காது. ரிவர்ஸ் கட்டத்தை விட்டுவிட்டுச் சடங்கைப் போய்ப் பார்த்தார்.

மானிடவியலில் களப்பணியின் தந்தை என்று வழக்கமாகச் சொல்லப்படும் மாலினோவ்ஸ்கி டிரோபிரியாண்ட் தீவுகளில் வேலை செய்தது முதல் உலகப் போர்க் காலத்தில். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே இந்தத் துறையின் முக்கியமான கருவி ஒன்று ஊட்டிப் புல்வெளியில் பட்டை தீட்டப்பட்டது. இதை நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

இனி டிஜிட்டல் பக்கம். கணினிக் கம்பெனிகளுக்குள் மானிடவியலாளர்கள் நுழைந்தது இணையத்துக்கு முன்பே, அதுவும் ஒரு ஜெராக்ஸ் மெஷின் வழியாக. எண்பதுகளின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியல் ஆய்வாளர் இருந்தார். பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று விளம்பரம் செய்த ஒரு புது மெஷின், வாங்கியவர்களைப் பாடாய்ப்படுத்திக்கொண்டிருந்தது. சச்மன் மெஷின் முன்னால் இரண்டிரண்டு பேராக நிறுத்தி வீடியோ எடுத்தார். இரண்டு பக்கமும் நகல் எடுக்கத் தெரியாமல் அதில் விழித்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, கணினி அறிவியலில் பெயர்பெற்றவர்கள். அவர் கண்டது இதுதான்: மெஷினுக்குள் ஒரு திட்டம் இருக்கிறது, மனிதன் இப்படித்தான் அடுத்த அடி வைப்பான் என்று அது நம்புகிறது. மனிதனோ முன்னால் என்ன நடக்கிறதோ அதைப் பார்த்து அடி வைக்கிறான். இரண்டும் வெவ்வேறு வழியில் போகின்றன. அந்த இடைவெளியில்தான் எல்லாக் குழப்பமும் பிறக்கிறது. 1987-இல் அது புத்தகமாக வந்தது.

அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே ஒரு கடைவகையின் பெயராகிவிட்டது, அந்த இடைவெளியை அடைப்பதே அந்தக் கடையின் பிழைப்பாகவும் ஆகிவிட்டது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இதையெல்லாம் சேர்த்து முதுகலைப் படிப்பாகவே ஆக்கியதில் முன்னால் நின்றது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். அங்கே 2009-இல் டிஜிட்டல் மானிடவியல் என்ற பெயரிலேயே ஓராண்டு முதுகலைப் படிப்பு தொடங்கியது. அதற்குப் பின்புலமாக இருந்தவர் டேனியல் மில்லர். பொருள்களைப் பற்றி, அதாவது வீடு, துணிமணி, கார் என்று மனிதர்கள் வைத்துக்கொள்ளும் சாமான்களைப் பற்றி நெடுநாள் எழுதியவர். அவர் தலைமையில் ஒன்பது ஆய்வாளர்கள் உலகின் ஒன்பது இடங்களில் தலா 15 மாதம் தங்கி, மக்கள் சமூக ஊடகத்தை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒன்று நம் தமிழ்நாட்டில். சென்னைக்கு வெளியே, ஐடி கட்டடங்களுக்கு நடுவே கிராமங்கள் சிக்கிக்கொண்ட ஒரு பகுதிக்குப் 'பஞ்சகிராமி' என்று மாற்றுப் பெயர் வைத்து ஸ்ரீராம் வெங்கட்ராமன் அந்த ஆய்வைச் செய்தார். 2017-இல் நூலாக வந்தது, இலவசமாகவே படிக்கலாம். ஃபேஸ்புக் வந்தால் சாதியும் உறவுமுறையும் கரைந்துபோகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அங்கே கிடைத்தது ஏமாற்றம். இளம்பெண் தன் படத்தைப் போடலாமா கூடாதா என்பதை அண்ணனும் மாமாவும் தீர்மானித்தார்கள். வெளியில் இருந்த வேலி உள்ளேயும் நட்டு வைக்கப்பட்டிருந்தது.

ஒன்பது இடங்களையும் வைத்து அவர்கள் சொன்ன முடிவை இப்படிச் சுருக்கலாம்: ஒரே ஆப் எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்குவதில்லை, ஒவ்வொரு ஊரும் அதைத் தன் வசதிக்கு வளைத்துக்கொள்கிறது.

இதற்கு நேர் எதிர் முனையில் நின்றவர் டாம் போல்ஸ்டார்ஃப். 'செகண்ட் லைஃப்' என்ற கற்பனை உலகத்துக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருந்து, அங்கே உலவியவர்களை அங்கேயே சந்தித்து, வெளியே அவர்கள் யார் என்று தேடிப் போகாமல் 2008-இல் எழுதி முடித்தார். திரைக்குள் இருப்பதும் ஒரு ஊர்தான், ஒரு ஊரைப் படிக்கிற மாதிரியே அதையும் படிக்கலாம் என்பது அவர் வாதம். நியாயமான வாதம். ஆனால் மலையில் அதைக் கடைப்பிடிப்பது கஷ்டம். ஜூலைக் காற்றில் ஒரு சீகை மரம் சாய்ந்து லைன் அறுந்தால், அந்த ஊரே நாலு நாள் இருக்காது.

டவர் என்பது இங்கே நிலவியல். எந்தப் பாறை மேல் எந்த கம்பெனி சிக்னல் கிடைக்கும் என்பது, எந்தச் சோலையில் எந்த மாதம் தேன் எடுக்கலாம் என்பதைப் போலவே ஊரறிந்த அறிவு. 2020-இல் பள்ளிகள் மூடியபோது பிள்ளைகள் குடையும் நோட்டுமாகப் பாறையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி ஒன்று 1970 முதல் நிற்கிறது. அந்த மலைச்சரிவின் சாய்வு இந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக, ஏறக்குறைய 11 டிகிரியாக, அமைந்திருப்பதால்தான் அங்கே கட்டினார்கள். கோடானுகோடி மைல் தாண்டி வரும் சிக்னலை அது கேட்கிறது. அதே முத்தோரை பாலாடாவில்தான் பழங்குடியினர் ஆய்வு மையமும் அதன் அருங்காட்சியகமும் இருக்கின்றன. டிஜிட்டல் மானிடவியல் படிக்க வருகிற மாணவரை முதல் நாள் அங்கே கூட்டிப்போய் இரண்டையும் காட்டிவிட்டு, கையிலிருக்கும் போனில் எத்தனை கோடு தெரிகிறது என்று பார்க்கச் சொல்வேன்.

வேலை செய்கிற இடத்துக்கு வருவோம். ரேஷன் கடை.

தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் ரேஷன் வாங்க ரேகை வைக்க வேண்டும். கொழுந்து பறிக்கிற கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதில் என்ன பிரச்சினை என்று புரியும். பத்துப் பதினைந்து வருஷம் பறித்த கையில் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கறை ஏறி, நுனியில் பொடிப்பொடியாக வெடித்து, ரேகை தேய்ந்திருக்கும். மெஷின் சிவப்பாக எரியும். "வேற விரல் வைங்கக்கா." சேலை முந்தானையில் துடைத்து வைப்பார். மறுபடியும் சிவப்பு. தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைப்பார். கடைசியில் இடது கை மோதிர விரலில் பச்சை விழும். அடுத்த மாதம் அவர் வரும்போதே மோதிர விரலை நீட்டிக்கொண்டு வருவார். இங்கே ஒவ்வொரு பெண்ணுக்கும் தன்னுடைய 'எடுக்கிற விரல்' எது என்று தெரியும். "எனக்கு நடுவிரல், எங்க மாமியாருக்குச் சுண்டு விரல்" என்று பேசிக்கொள்வார்கள். மெஷின் தயாரித்தவர்களின் கையேட்டில் இந்தச் சொல் இருக்காது. இது மக்கள் கண்டுபிடித்த அறிவு, மெஷினோடு பழகிப் பழகித் தேறியது. பின்னால் கருவிழி பார்க்கும் வசதியும் வந்தது. அதற்கும் இந்நேரம் ஒரு சொல் பிறந்திருக்கும்.

உடலை அடையாளமாக்குவதில் நம் நாட்டுக்குப் பழைய தொடர்பு உண்டு. 1858-இல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஒரு ஒப்பந்தக்காரரின் கையை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதிய வைத்தார். 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவே தொடங்கிவிட்டது. தர்ஸ்டனின் அளவுகோலுக்கும் ரேஷன் கடை மெஷினுக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டு முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கும். மாணவர்கள் பலர் போடுகிறார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் போடமாட்டேன். தர்ஸ்டன் அளந்தபோது அளக்கப்பட்டவருக்கு அதனால் ஒரு படி அரிசி கிடைக்கவில்லை. மெஷின் முன் நிற்பவர் உரிமையோடு நிற்கிறார், பச்சை விழாவிட்டால் சண்டை போடுகிறார். தனக்கு வரவேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் ஆய்வு வெறும் புலம்பலாகிவிடும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் ஆப்பில் தினம் இரண்டு முறை போட்டோ எடுத்து வருகைப்பதிவு என்று கட்டாயமாக்கியபோது, டவர் இல்லாத வேலைத்தளத்தில் என்ன ஆனது என்பதும் இதே போலத் தளத்தில் நின்று பார்க்க வேண்டியது.

இ-பாஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகள் இணையத்தில் பதிந்து பாஸ் எடுக்க வேண்டும் என்றானது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆய்வு செய்ய ஐஐடி மெட்ராஸ், ஐஐஎம் பெங்களூர் என்று பெரிய நிறுவனங்கள் இறங்கின. 2025 ஏப்ரல் முதல் கோடைக்கால உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸில் வருபவர்களுக்குத் தேவையில்லை. டிஎன் 43 என்று ஆரம்பிக்கும் உள்ளூர் வண்டிக்கும் தேவையில்லை.

இந்தக் கடைசி வரியில்தான் மானிடவியல் நுழைகிறது. உள்ளூர்க்காரர் யார் என்ற கேள்விக்கு அரசாங்கம் நம்பர் பிளேட்டை விடையாக வைத்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் படகர் வீட்டுப் பையன் அங்கேயே கார் வாங்கியிருப்பான். பெரியப்பா இறந்துவிட்டார் என்று ராத்திரி இரண்டு மணிக்குச் செய்தி வருகிறது. கல்லாறு செக்போஸ்ட்டில் அவன் பதியாத வண்டியோடு நிற்கிறான். நாக்குபெட்டா என்று இந்த மலைக்குத் தன் மொழியில் பெயர் வைத்திருக்கிற சமூகத்தைச் சேர்ந்தவன், தன் மலைக்கு வருகிற பயணி என்று தன்னை எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிஷத்தில் பாஸ் கிடைத்துவிடும், கதவு திறந்துவிடும், நடைமுறைச் சிரமம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றி ஹட்டியில், அதாவது படகர் ஊரில், வருஷம் முழுக்கப் பேசுகிறார்கள். கட்டத்தில் எழுத வேண்டியிருந்ததுதான் குறை. நெரிசலைக் குறைக்க இ-பாஸ் தேவையா என்றால் தேவை என்றுதான் நான் சொல்வேன். மே மாதம் பர்லியாறிலிருந்து குன்னூர் வர மூன்று மணி நேரம் வண்டியில் உட்கார்ந்தவனுக்கு வேறு விடை வராது. அது வேறு கேள்வி, இது வேறு கேள்வி.

சாவுச் செய்தி என்றதும் இன்னொன்று. படகர் பேசும் படகு மொழிக்குத் தனி எழுத்தில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழி என்று சொன்ன ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கன்னடத்தின் கீழே சேர்க்கப்பட்டார்கள். தோடர் மொழியோ இரண்டாயிரம் பேர் அளவிலான சமூகத்தின் மொழி, தமிழ் எழுத்தில் அடங்காத ஒலிகள் நிறைந்தது. 1930-களில் இங்கே வந்து வருஷக்கணக்கில் தங்கிப் பதிவு செய்த எமனோ என்ற மொழியியலாளருக்கே தனிக் குறியீடுகள் தேவைப்பட்டன. அரசியல் சட்ட அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளில் நீலகிரிப் பழங்குடி மொழியோ படகு மொழியோ ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்த மொழிகள் போனுக்குள் போக முடியாது, தமிழும் ஆங்கிலமும் அவற்றை விழுங்கிவிடும் என்றுதான் கீபோர்டு காலத்தில் எல்லாரும் நினைத்தோம்.

வாய்ஸ் மெசேஜ் வந்து அதை மாற்றிவிட்டது. ஒரு ஹட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். ஒருவர் இறந்தால் முதலில் தமிழில் டைப் செய்த செய்தி வரும்: இன்னார் காலமானார், அடக்கம் இத்தனை மணிக்கு. அடுத்த நிமிஷம் ஒரு பெரியவரின் வாய்ஸ் மெசேஜ், முழுக்கப் படகு மொழியில். இறந்தவர் எந்த ஹட்டிக்குப் பிள்ளை, எந்த ஹட்டிக்கு மருமகன், யார் யாருக்குச் சொல்லியாகிவிட்டது, யாருக்கு நேரில்தான் போய்ச் சொல்ல வேண்டும், எல்லாம் அதில் வரும். முன்பு ஆள் நடந்துபோய்ச் சொன்னதை இப்போது குரல் நடந்துபோய்ச் சொல்கிறது. ஒரே சாவு, ஒரே குரூப்பில், இரண்டு மொழியில்: எழுத்து வெளியாருக்கும் ஃபார்வர்டுக்கும், குரல் உறவுக்கு. எழுத்துகளை மட்டும் இறக்கிக்கொண்டு கணினியில் போட்டு எண்ணுகிற ஆராய்ச்சியாளருக்கு இந்த ஹட்டி தமிழ் பேசும் ஊராகவே தெரியும். அந்தக் குரூப்பில் ஒரு பையன் சாவுச் செய்திக்குக் கட்டைவிரல் படம் போட்டுவிட்டான். பார்த்துவிட்டேன் என்று அவன் சொல்ல நினைத்தது, நல்லது என்று சொன்னதாகப் பெரியவர்கள் கண்ணில் விழுந்தது. மறுநாள் அவன் அப்பா போய் மன்னிப்புக் கேட்டார்.

தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் கதை கடல் தாண்டும். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. கூடலூர், கோத்தகிரி, குந்தா என்று குடியேறினார்கள். அக்கா இலங்கையின் அட்டனில், தங்கை இங்கே என்று பிரிந்த குடும்பங்கள். முன்பு நீலநிற ஏர்மெயில் காகிதம். இன்று வீடியோ கால். ஆனால் எதை எதில் சொல்வது என்பதற்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து என்றால் வீடியோ. பணம் கேட்பதென்றால் குரல் மட்டும், முகம் காட்டக் கூச்சம். சண்டையென்றால் இரண்டு நீலக் கோடு விழுந்தும் பதில் போடாமல் இருப்பது. பிரிட்டனில் வேலைக்குப் போன பிலிப்பைன்ஸ் தாய்மார்களையும் ஊரில் விட்டுவந்த அவர்கள் பிள்ளைகளையும் ஆராய்ந்து, மிர்கா மடியானுவும் மில்லரும் 2012-இல் எழுதியது இதைத்தான். தொடர்புகொள்ளப் பல வழி கைக்குள் வந்த பிறகு, எந்த வழியைத் தேர்ந்தாய் என்பதே ஒரு பேச்சாகிவிடுகிறது. லைன் வீட்டுப் பாட்டிக்கு அந்தக் கோட்பாட்டின் பெயர் தெரியாது. "அவ ஏன் வீடியோல வரல?" என்று கேட்கத் தெரியும்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு நடைமுறைச் சங்கதி கொஞ்சம். சென்னை, புதுச்சேரிப் பல்கலைக்கழகங்களில் மானிடவியல் துறைகள் உண்டு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் உண்டு. டிஜிட்டல் என்ற அடைமொழி இல்லாவிட்டாலும் ஆய்வேட்டுக்கு இதையே பொருளாக எடுத்துக்கொள்ளத் தடையில்லை. உறவுமுறை, கொடை, சடங்கு என்ற பழைய பாடங்களைச் சலித்துக்கொள்ளாமல் படிப்பதுதான் முக்கியம். ரீசார்ஜ் ஏன் ஒரு சீர்வரிசை மாதிரி நடந்துகொள்கிறது என்பது, கொடையைப் பற்றி 1925-இல் மார்செல் மோஸ் எழுதியதைப் படித்தவருக்குச் சட்டென்று விளங்கும். கோடிங் மட்டும் படித்தவருக்கு விளங்காது. முடித்த பின் வேலை? பெங்களூரில் கம்பெனிகள் எடுக்கின்றன, பயனர் ஆய்வு என்ற பெயரில். மூன்று நாள் ஹோட்டலில் தங்கி, எட்டுப் பேரைப் பேட்டி எடுத்துவிட்டு அதை இனவரைவியல் (மக்களோடு நெடுநாள் தங்கிச் செய்யும் ஆய்வு) என்று ஸ்லைடு போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மூன்று நாளில் ஜெராக்ஸ் கடைக்காரர் உங்களை உட்காரக்கூடச் சொல்லமாட்டார்.

ஊர்ப் பெயரை ஏன் மாற்றினேன் என்பதற்கு வருகிறேன். சில வருஷம் முன்பு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த குழுவுக்கு நான் வழிகாட்டியாகப் போனேன். பாட்டுகளைப் பதிவு செய்தார்கள், முகங்களைப் பதிவு செய்தார்கள், ஊருக்கு ஒரு பிரதி பென்டிரைவில் வரும் என்றார்கள். வரவில்லை. ஒரு பாட்டு மட்டும் வந்தது, யாரோ போட்ட ரீல்ஸில், பின்னணி இசையோடு, பாடியவர் பெயரில்லாமல். பாடிய அம்மா என்னிடம் கோபிக்கவில்லை. "அது சாவுக்குப் பாடறது, இப்படி ஆடறாங்களே" என்றார். அதற்குப் பிறகு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது சம்மதத்தைப் பற்றித்தான். இருநூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் ஒருவர் சரி என்றால் இருநூறு பேரும் சரி என்றதாகுமா? ஒரே போனை நாலு பேர் பயன்படுத்தும் வீட்டில் யாரிடம் கையெழுத்து வாங்குவீர்கள்? 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தின் பெயரிலேயே 'தனிநபர்' இருக்கிறார். இங்கே தரவு குடும்பத்துக்குச் சொந்தமாக இருக்கிறது, சில நேரம் டீக்கடைக்கு.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு மாணவி வந்தாள். முதுகலை இரண்டாமாண்டு, ஆய்வேட்டுக்காக. அவளைக் கொண்டுபோய் ஜெராக்ஸ் கடையில் விட்டேன். முதல் வாரம் நின்றுகொண்டே இருந்தாள். இரண்டாம் வாரம் ஸ்டூல் வந்தது. நாலாம் வாரம் கடைக்காரர் டீ குடிக்கப் போகும்போது கல்லாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த நோட்டை அவள் படம் எடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுக் கையால் வரைந்தாள், யார் நம்பர் யாருக்கு என்று. வரைந்து முடித்ததைப் பார்த்தபோது அது அச்சு அசலாக வம்சவழிப் படம் மாதிரி இருந்தது, ஒரு டீக்கடை மட்டும் நடுவில்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவளுக்கே ஏதோ ஒரு சான்றிதழ் பதிய வேண்டியிருந்தது. கடைக்காரர் நம்பர் கேட்டு நோட்டில் எழுதினார். எதிரே குறிப்பு: "சென்னைப் பொண்ணு. சொந்த நம்பர்." அந்தப் பக்கத்திலேயே அப்படி எழுதப்பட்ட ஒரே நம்பர் அது. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பேனாவை மூடாமலே அவர் கேட்டார், "ரீசார்ஜ் யாரும்மா போடறாங்க?"

"அப்பாதான் அண்ணா. ஃபேமிலி பிளான்."

'சொந்த' என்பதை அடித்துவிட்டு மேலே 'அப்பா' என்று எழுதினார்.